வன்னியில் இருந்தபடியே உயர்தரம் படித்துப் பல்கலைக்கழகம் போக முடியுமா? ரியூசனுக்கு யாழ்ப்பாணம் போகத்தான் வேண்டுமா?

தங்கை முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவில் உயர்தர உயிரியல் பிரிவு முதலாம் வருடம், சனி ஞாயிறு யாழ்ப்பாணம் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்ப வேண்டாம் என்பதுதான் என் பதில். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்துக்கு ஆசிரியரே இல்லையென்றால், அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் யோசியுங்கள்.

நானும் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். 2012இல் முதல் தடவை எழுதினேன். அதற்கு முன் ஒன்றரை வருடம் சனிக்கிழமைகளில் விடியப் புறப்பட்டு, பரந்தனில் பஸ் மாறி, ஆனையிறவு தாண்டிப் போய் வந்தேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருந்த மண்டபத்தில் எனக்குக் கடைசி வாங்கு. சேர் கணக்கைச் செய்வார், நாங்கள் பார்த்து எழுதுவோம். கொப்பிகள் நிறைந்தன. இருட்டிய பிறகு வீடு வந்தால் படுக்கத்தான் உடம்பு கேட்கும். பெறுபேறு வந்தபோது இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் எஸ், அதாவது வெறும் சாதாரண சித்தி. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டத்தில் உழைத்த காசு பஸ்ஸுக்கும் வகுப்புக்கும் போனது எனக்குத் தெரியும். அது இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது.

செக்கன்ட் ஷைக்கு, அதாவது இரண்டாம் தடவை எழுதுவதற்கு, நான் எங்கும் போகவில்லை. கடந்தகால வினாத்தாள்களை எடுத்து, மணிக்கூட்டை முன்னால் வைத்து எழுதத் தொடங்கினேன். பல்தேர்வில் 50 கேள்விகள், 2 மணித்தியாலம். முதல் நாள் 31ஆம் கேள்வியோடு நேரம் முடிந்துவிட்டது. பாடம் தெரியாமல் இல்லை, தனியே இருந்து எழுதிப் பழகவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அப்புறம் அமைப்புக் கட்டுரை (பகுதி பகுதியாகக் கேட்கும் எழுத்துக் கேள்வி) விடைகளைப் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிட்டு நானே திருத்தினேன். எந்தச் சொல்லுக்குப் புள்ளி, எந்த அலகை விட்டால் புள்ளி போகும் என்பதெல்லாம் அதில்தான் தெரிந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் பரீட்சைத் தாள்கள் தயாரிக்கும் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தாள்களையும் விடவில்லை. பள்ளிக்கூடத்து இரசாயன ஆசிரியர் இடைவேளைகளில் என் விடைகளைப் பார்த்துத் தந்தார். அடுத்த வருடம் பல்கலைக்கழகம் கிடைத்தது.

இப்போது நான் உயர்தரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். 2020இல் கொரோனா வந்ததிலிருந்து சூம் வகுப்புகள் பெருகிவிட்டன. கொழும்பில் படிப்பிப்பவரை ஒட்டுசுட்டானில் இருந்தே கேட்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் போனுக்குள் நூறு வினாத்தாள் பிடிஎஃப் வைத்திருக்கும் பிள்ளையிடம் எழுதி முடித்த ஒன்றைக் காட்டு என்றால் முழிக்கிறது. நாங்கள் கரும்பலகையைப் பார்த்தோம், இவர்கள் திரையைப் பார்க்கிறார்கள். கை பழகவில்லை.

இன்னொன்று, "முல்லைத்தீவுக்கு வெட்டுப்புள்ளி குறைவுதானே" என்று தங்கையிடம் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுப்புள்ளி என்பது பல்கலைக்கழகம் நுழைய வேண்டிய ஆகக்குறைந்த இசட் புள்ளி. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எங்கள் மாவட்டங்கள் அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கின்றன. அது எங்களுக்குக் கிடைத்திருக்கும் நியாயம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் போன வருட வெட்டுப்புள்ளியை இலக்காக வைத்துப் படிக்கும் பிள்ளை அதற்குக் கீழேதான் நிற்கிறது. அதோடு இசட் புள்ளி என்பது அந்தப் பாடம் எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் என்பதைப் பார்ப்பது. 70 புள்ளிக்கு ஒவ்வொரு வருடமும் ஒரே பெறுமதி இல்லை.

மழையையும் கணக்கில் எடுங்கள். 2024இல் நவம்பர் 25 தொடங்கிய பரீட்சை வெள்ளத்தால் இரண்டே நாளில் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4 தான் மீண்டும் நடந்தது. மாரியில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் இடத்தில் கடைசி மாதத்தை நம்பிப் படிக்க முடியாது. முழுத் தாள்களையும் மழைக்கு முன் முடித்திருக்க வேண்டும்.

தங்கைக்கு இப்போது முழுத் தாள் வேண்டாம், முடித்த பாட அலகுகளின் கேள்விகள் போதும். பஸ்ஸுக்கு ஒதுக்கிய காசில் அலகு வாரியான வினாத்தாள் தொகுதிகளை வாங்கிக் கொடுங்கள். சனிக்கிழமை காலை அவள் எழுதும் 2 மணித்தியாலமும் வீட்டில் யாரும் அவளைக் கடைக்கு அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.