கீசர் சூடாகவில்லை என்றால் உடனே காயிலை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 15 லிட்டர் கொள்ளளவும் 2000 வாட் திறனும் உள்ள கீசர் ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. நான்கு நாட்களாகத் தண்ணீர் சூடாகவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றாமல், காயில், தெர்மோஸ்டாட் இரண்டுமே போய்விட்டன, சேர்த்தே மாற்றிவிடலாம் என்கிறார். அவர் சொல்வதை ஏற்கலாமா?

பதில்: மூடியைத் திறந்து பார்க்காமல் சொல்லப்படும் முடிவை நம்பிப் பணம் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். காயில் என்று பேச்சுவழக்கில் நாம் சொல்லும் எலிமென்ட்டும், உரிய சூட்டில் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஒன்றாகப் பழுதாவது உண்டு. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் கீசர் ஓடியிருந்தால் அப்படி நேரலாம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் பழுது ஒரே இடத்தில்தான் இருக்கும். அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நாம் மெக்கானிக்குக் கூலி கொடுக்கிறோம்.

மின்சாரம் சுவிட்ச், பிளக், அதிக வெப்பத்தைத் துண்டிக்கும் கட்-அவுட், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைக் கடந்துதான் எலிமென்ட்டை அடைகிறது. சோதனையும் இதே வரிசையில் நடக்க வேண்டும். முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கை உருவிப் பாருங்கள். அதன் பின்களில் ஒன்று மட்டும் கறுத்திருந்து, சாக்கெட்டின் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் இளகிப் பழுப்பு வளையமாகத் தெரிந்தால், குறை கீசரில் இல்லை. சாக்கெட்டின் பிடிப்பு தளர்ந்திருக்கிறது. 230 வோல்ட்டில் 2000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இடைவிடாமல் இழுக்கும். தளர்ந்த பிடிப்பு அதைத் தாங்காமல் சூடேறிக் கருகும். அப்போது பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே சரி, ஏனெனில் கருகிய பிளக் புதிய சாக்கெட்டையும் கெடுத்துவிடும்.

அடுத்தது கட்-அவுட். பல மாடல்களில் கீழ் மூடியைக் கழற்றினால், தெர்மோஸ்டாட்டின் முகப்பில் குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிய சிவப்பு பட்டன் ஒன்று இருக்கும். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் அது வெளியே துள்ளி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மெயினை அணைத்த பிறகு அதை அழுத்தினால் மெல்லிய சொடுக்கு ஓசை கேட்கும். அதோடு கீசர் வேலை செய்யத் தொடங்குவதும் உண்டு. இரண்டு மூன்று நாட்களில் பட்டன் மறுபடி துள்ளினால் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். உரிய சூட்டில் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தவில்லை என்பதே அதன் பொருள். அப்போது மாற்ற வேண்டியது தெர்மோஸ்டாட்தான்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே எலிமென்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். இணைப்புக் கம்பிகளை விடுவித்துவிட்டு மல்ட்டிமீட்டரில் அளந்தால், 230 வோல்ட்டுக்கான 2000 வாட் எலிமென்ட் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். 3000 வாட் என்றால் 17 அல்லது 18 ஓம். மீட்டரில் எதுவுமே பதிவாகாவிட்டால் எலிமென்ட் உள்ளே அறுந்துவிட்டது. குளிர்ந்த நிலையில் தெர்மோஸ்டாட்டின் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். இந்த இரண்டு அளவுகளையும் எடுக்க ஐந்து நிமிடம் போதும். உங்கள் கண்ணெதிரே அளந்து காட்டுமாறு மெக்கானிக்கிடம் கேளுங்கள்; தொழில் தெரிந்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் வீட்டில் ஒருமுறை புது எலிமென்ட் போட்ட பிறகும் தண்ணீர் சூடாகவில்லை. இரண்டாவதாக வந்தவர் முனையிலிருந்த நட்டைத் தளர்த்தியபோது, அதன் அடியில் ஒயர் கருகி, நூலிழை அளவே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நுனியை வெட்டிச் சீவி மறுபடி முடுக்கியதும் எல்லாம் சரியாயிற்று. கழற்றி எறியப்பட்ட பழைய எலிமென்ட்டை அளந்து பார்த்தோம். அதில் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: கீசரைப் போட்டுப் பத்து நிமிடம் ஆனதும் வீட்டில் மின்சாரம் ட்ரிப் ஆகிறது. சில நாட்களாகக் குழாயைத் தொட்டால் இலேசான ஷாக்கும் தெரிகிறது. சுவிட்சை அணைத்துவிட்டுக் குளித்தால் ஒன்றுமில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். மெக்கானிக் வரும்வரை அப்படிச் சமாளிக்கலாமா?

பதில்: கூடாது. தயவுசெய்து இன்றே பிளக்கை உருவி வைத்துவிடுங்கள். கீசரை பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்திருந்தால் அதன் எம்.சி.பி. பிரேக்கரை இறக்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. ஒயரிங் செய்தபோது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், சுவிட்ச் அணைந்த நிலையிலும் எலிமென்ட்டில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். ஈரமான உடலோடு நிற்பவருக்கு இலேசான ஷாக் என்று ஒன்று கிடையாது.

எலிமென்ட் என்பது உலோகக் குழாய். அதன் நடுவே சூடாகும் கம்பி ஓடுகிறது. கம்பி குழாயைத் தொடாதபடி மக்னீசியம் ஆக்சைடு பொடி இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கிறது. குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தாலும் பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரம் அந்த ஈரத்தின் வழியே தண்ணீருக்குள் கசியும். சூடேறி உலோகம் விரிந்த பிறகே சில வெடிப்புகள் திறக்கும் என்பதால், உங்கள் வீட்டில் நடப்பதுபோல, போட்டவுடன் இல்லாமல் பத்து நிமிடம் கழித்து ட்ரிப் ஆகிறது. சாதாரண மல்ட்டிமீட்டரில் இந்தக் கசிவு பல நேரங்களில் தெரிவதில்லை. மெகர் என்ற கருவியால் 500 வோல்ட் கொடுத்துச் சோதித்தால்தான் வெளிப்படும். ஆகவே, மல்ட்டிமீட்டரில் நன்றாகத்தான் காட்டுகிறது என்று யாராவது சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள்.

எந்த பிரேக்கர் விழுகிறது என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். எம்.சி.பி. விழுந்தால் மின்னோட்டம் அளவுக்கு மீறுகிறது அல்லது ஷார்ட் ஆகிறது. ஆர்.சி.சி.பி. விழுந்தால் மின்சாரம் எர்த் பக்கம் கசிகிறது. வீடுகளில் பொருத்தப்படும் ஆர்.சி.சி.பி. பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள்ளேயே துண்டிக்கும்படி அமைக்கப்பட்டது. அடிக்கடி விழுகிறதே என்று அதைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். அதற்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். குழாயைத் தொட்டால் ஷாக் தெரிகிறது என்கிறீர்கள். எர்த் சரியாக இருந்தால் கசிந்த மின்சாரம் அதன் வழியே போயிருக்க வேண்டும். ஆகவே எலிமென்ட்டை மாற்றுவதோடு எர்த் இணைப்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரண்டும் முடியும்வரை அந்தக் கீசரைப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: முன்பெல்லாம் ஒருவர் தாராளமாகக் குளிக்க முடிந்த அதே 15 லிட்டர் கீசரில், இப்போது மூன்று நான்கு நிமிடங்களில் தண்ணீர் ஆறிவிடுகிறது. சமீபத்தில்தான் ஷவரை மாற்றினோம். பெரிய கீசர் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்குவதற்கு முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டியில் 60 டிகிரியில் 15 லிட்டர் இருக்கிறது, குழாய்த் தண்ணீர் 25 டிகிரியில் வருகிறது என்றால், இரண்டையும் கலந்து 40 டிகிரியில் அதிகபட்சம் 35 லிட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு 9 லிட்டர் ஊற்றும் ஷவரில் இது நான்கு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கினால், அதே கீசர் 27 லிட்டர்தான் தரும். எனவே புது ஷவர் அதிகமாக ஊற்றுகிறதா என்பதை ஒரு வாளியையும் கடிகாரத்தையும் வைத்து அளந்து பாருங்கள். கீசரில் குறையே இல்லாமல் இருக்கலாம்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். கீசருக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதற்குள் தண்ணீர் செல்லும் வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து விடுங்கள். தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை என்பதால் ஓட்டம் சற்று நேரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு மிக்சர் குழாயின் உள்ளே குளிர்ந்த தண்ணீர் சுடுதண்ணீர்ப் பக்கம் கடந்து வருகிறது. அப்படியானால் பழுது பார்க்க வேண்டியது அந்த மிக்சரைத்தான். எவ்வளவு பெரிய கீசர் வாங்கினாலும் குறை அப்படியே இருக்கும்.

கேள்வி: எங்கள் பகுதியில் உப்புத் தண்ணீர். எலிமென்ட்டில் உப்புப் படிந்தால் மின்கட்டணம் எகிறும், அதனால் ஆண்டு சர்வீஸ் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார் விற்பனையாளர். உண்மையா?

பதில்: சுத்தம் செய்வது அவசியம், ஆனால் அவர் சொல்லும் காரணம் சரியில்லை. எலிமென்ட் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருப்பதால், அதில் உண்டாகும் வெப்பம் படிவத்தைத் தாண்டியாவது தண்ணீருக்குத்தான் போய்ச் சேர்ந்தாக வேண்டும். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.6 யூனிட் ஆகும். எலிமென்ட் பளபளப்பாக இருந்தாலும் உப்புப் பூத்திருந்தாலும் இதில் பெரிய வேறுபாடு வராது. 2000 வாட்டில் 20 நிமிடத்தை ஒட்டிய வேலை அது.

படிவத்தால் வரும் உண்மையான கேடு வேறு. வெப்பம் எளிதில் வெளியேற முடியாமல் எலிமென்ட்டே மிகையாகச் சூடேறி ஆயுள் குறைகிறது. பக்கத்திலிருக்கும் தெர்மோஸ்டாட் அந்தச் சூட்டை உணர்ந்து, தண்ணீர் காய்வதற்கு முன்பே அணைந்துவிடுகிறது. விளக்கு சீக்கிரம் அணைவதும், தண்ணீர் வெதுவெதுப்பாகவே வருவதும், தொட்டிக்குள் சட்டியில் கொதிப்பதுபோலப் பொருமும் ஓசை எழுவதும் இதற்கான அடையாளங்கள். வெப்பநிலையைத் தேவைக்கு மேல் ஏற்றி வைக்க வைக்கப் படிவு விரைந்து சேரும் என்பதால், 60 டிகிரியை ஒட்டி வைத்திருப்பது நல்லது. அதைவிட மிகக் குறைத்தும் வைக்க வேண்டாம். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் பெருகும். அதே நேரத்தில், 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும்; குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் குளிர்ந்த நீரோடு கலந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, அதில் என்ன அடங்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். தொட்டியை வடித்து, எலிமென்ட்டைக் கழற்றிப் படிவத்தை நீக்கி, ஆனோடு தண்டைப் பரிசோதித்து, வாஷரைப் புதிதாகப் போடுவது என்றால் கடின நீர் உள்ள வீட்டுக்கு அது பயனுள்ளதே. வெளியே துடைத்துவிட்டு அட்டையில் கையெழுத்துப் போடுவதற்குப் பெயர் சர்வீஸ் அல்ல. ஆனோடு என்பது பெரும்பாலும் மக்னீசியத்தால் ஆன தண்டு. தொட்டியின் இரும்பு அரிக்கப்படுவதற்குப் பதிலாகத் தான் அரிக்கப்பட்டுக் கரைந்து போவதே அதன் வேலை. நடுவிலுள்ள கம்பி வெளியே தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். எலிமென்ட்டோடு ஒப்பிட்டால் இதை நினைவில் வைத்துக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் தொட்டி எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இதுதான்.

கேள்வி: கீசரின் பக்கத்திலுள்ள சேஃப்டி வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

பதில்: எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போனால் 15 லிட்டருக்குக் கால் லிட்டர் கூடும். அதற்கு வெளியேற வழியில்லாவிட்டால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறிவிடும். சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. கீசர் அணைந்திருக்கும்போதும் சொட்டினால் வால்வில் மணலோ படிவமோ சிக்கியிருக்கலாம், அல்லது வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகமாக இருக்கலாம். கொதிநீரோ ஆவியோ பீறிட்டால் மட்டும் உடனே மெயினை அணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் மின்சாரத்தை நிறுத்தத் தவறிவிட்டன என்று பொருள்.

கேள்வி: கீசரின் அடியிலிருந்து தண்ணீர் கசிகிறது. தொட்டி ஓட்டை என்றும் புதிது வாங்குவதே வழி என்றும் சொல்கிறார்கள். வாரண்டி இன்னும் இருக்கிறது.

பதில்: கசிவு எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்தே பதில் மாறும். மின்சாரத்தைத் துண்டித்து, கீழ் மூடியை எடுத்து, உள்ளே நன்றாகத் துடைத்துவிட்டுக் காகிதத் துண்டுகளைக் குழாய் இணைப்புகளிலும் எலிமென்ட் தகட்டைச் சுற்றிலும் ஒற்றி வையுங்கள். அரைமணி நேரத்தில் எந்தக் காகிதம் முதலில் நனைகிறதோ அங்கேதான் குறை. தகட்டின் வாஷரிலோ குழாய் இணைப்பிலோ கசிந்தால் அது சிறிய வேலை. அங்கெல்லாம் உலர்ந்திருக்க, வெளிக்கூட்டின் மடிப்பிலிருந்தும் ஃபோமிலிருந்தும் துருநிறத்தில் தண்ணீர் இறங்கினால் உள்தொட்டி பழுதாகிவிட்டது. அதைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்; உட்பூச்சு கருகி, ஓராண்டுக்குள் வேறு இடத்தில் கசியும்.

வாரண்டி அட்டையை எடுத்துப் பாருங்கள். முழுக் கருவிக்கு ஒரு காலம், எலிமென்ட்டுக்கு ஒரு காலம், தொட்டிக்கு இவற்றைவிட நீண்ட காலம் என்று தனித்தனியாகக் குறிப்பிடுவதே வழக்கம். கருவிக்கான காலம் முடிந்துவிட்டது என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். தொட்டிக்கான வரியைச் சுட்டிக்காட்டிப் புகாரை எழுத்தில் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கசியும் இடத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கடின நீரால் வந்த சேதம், வெளி ஆட்கள் பிரித்தது ஆகியவற்றைக் காட்டி மறுக்க இடம் தரும் நிபந்தனைகள் பல அட்டைகளில் உண்டு. ஆகையால் நிறுவனத்தின் ஆள் வந்து பார்க்கும்வரை மூடியைத் தவிர வேறு எதையும் கழற்றாமல் இருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. புதிய தொட்டி பொருத்தினால், முதலில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் சீராக வரும்வரை ஓடவிட்ட பிறகே சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். வெறும் தொட்டியில் போட்டால் சில நிமிடங்களிலேயே புது எலிமென்ட் எரிந்துவிடும்.