மறு: முப்பது பயிற்சியாளர்களுக்கு எழுதியும் பதில் இல்லை

ஐயா, டெக்சாஸில் பத்தாம் வகுப்பில் பயிலும் உங்கள் மகள், வாலிபால் அணியில் இடம் கேட்டு முப்பது கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு எழுதியும் ஒருவரும் பதிலளிக்கவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். அந்த மௌனத்தைத் திறமைக் குறைவின் அடையாளமாக எண்ண வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, பத்தாம் வகுப்பு முடிந்தபின் வரும் ஜூன் 15 வரை, போட்டித் தரத்தில் மிக உயர்ந்த நிலையான முதல் பிரிவுக் கல்லூரிகளின் வாலிபால் பயிற்சியாளர்கள் அணிச் சேர்க்கை குறித்து மாணவியருக்குப் பதில் எழுதவே கூடாது.

அதற்குள், பயிற்சியாளர்களுக்கு அனுப்பும் அவளது ஆட்டக் காணொளியைச் சீர்செய்யுங்கள். சிறந்த ஆட்டம் முதல் அரை நிமிடத்திலேயே வர வேண்டும். வெட்டாத ஒரு முழு செட்டையும் உடன் அனுப்புங்கள். உயரமும் தாவும் திறனும் முதலில் கண்ணில் படும் என்பது உண்மைதான். ஆனால், என் மகளின் போட்டி ஒன்றில், அவள் சர்வை வலையில் அடித்துவிட்டுத் தலைகுனிந்த கணத்தில்தான், ஓரத்தில் நின்ற கல்லூரிப் பயிற்சியாளர் குறிப்பேட்டைத் திறந்தார். அடுத்த பந்துக்கு அவள் எப்படித் தயாரானாள், டைம் அவுட்டில் யாருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டாள் என்பதையெல்லாம் அவர் விடாமல் கவனித்தார்.

மதிப்பெண்களும் முக்கியம்: முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 2.3 ஜி.பி.ஏ.வும் (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) தேவை. மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகை இல்லையென்றாலும், அங்குள்ள பயிற்சியாளர்கள் இப்போதே பதில் எழுதலாம். அடுத்த கடிதங்களை, தயவுசெய்து, உங்கள் மகளே எழுதட்டும்.