பாதியாக வந்த தகைவு: மீதிப் பாதி எங்கே போனது?

கேள்வி: வேதிப்பொறியியல் முதுநிலை மாணவன் நான். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் கிளிசரின் ஓடுவதைக் கணினியில் கணித்துப் பார்த்தேன். சராசரி வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர், பாகியல் எண் (திரவம் ஓட்டத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு) 1.4 பாஸ்கல் விநாடி. சுவரை ஒட்டிய இடத்தில் திரிபு வீத டென்சரின் (திரவத் துணுக்கு உருமாறும் வேகத்தைக் காட்டும் அணியின்) சறுக்கு உறுப்பை எடுத்துப் பாகியல் எண்ணால் பெருக்கினால் சுவர்த் தகைவு, அதாவது சுவரின் ஒரு சதுரமீட்டர் மீதான உராய்வு விசை, 140 பாஸ்கல் வருகிறது. அழுத்த இறக்கத்திலிருந்து கணக்கிட்டாலோ 280 வருகிறது. வலைக்கண்களை எவ்வளவு நுணுக்கினாலும் விடை மாறவில்லை. அடுத்து சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) கரைசலுக்குப் போக வேண்டும். எங்கே தவறு?

பதில்: 280-ஐ நம்புங்கள். உங்கள் ஓட்டம் வரிச்சீரானது, அதாவது கொந்தளிப்பில்லாமல் அடுக்கடுக்காக நகர்வது. ஹேகன்–புவாஸே விதிப்படி குழாயின் ஒவ்வொரு மீட்டருக்கும் அழுத்தம் 56,000 பாஸ்கல் இறங்கும். இறங்கிய அழுத்தம் திரவத் தண்டை முன்னே தள்ளுகிறது, சுவர் அதைப் பின்னே இழுக்கிறது. இரண்டும் சமமாக வேண்டுமென்றால் 56,000-ஐ ஆரமான 0.01 மீட்டரால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும்: 280 பாஸ்கல். இது வெறும் விசைச் சமநிலை. இதில் டென்சர் எதுவும் வரவில்லை, ஆகவே டென்சரை யார் எப்படி வரையறுத்தாலும் இந்த எண் அசையாது.

வலைக்கண்களிலும் தவறில்லை. சுவரருகே திசைவேகச் சரிவு (தூரத்தோடு வேகம் மாறும் வீதம்) விநாடிக்கு 200. நீங்கள் எடுத்த உறுப்பு அதில் பாதி, அதாவது 100. கிளிசரின் போன்ற நியூட்டன் வகைத் திரவத்தில் (பாகியல் எண் சறுக்கலைப் பொறுத்து மாறாத திரவத்தில்) பாகுத் தகைவு என்பது பாகியல் எண்ணின் இரு மடங்கைத் திரிபு வீத டென்சரால் பெருக்கியது. அந்த இரண்டை விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் இரண்டை மனப்பாடமாகப் போட்டுப் பழகியவர்கள் வேறொரு இடத்தில் மறுபடியும் தடுக்கி விழுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஒரு சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்து, அதன் பக்கவாட்டில் பேனாவால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். மேல் சீட்டை உள்ளங்கையால் மெல்லத் தள்ளினால் கட்டு சரிகிறது. கூட்டல் குறியின் நிமிர்ந்த கோடு சாய்கிறது. படுத்த கோடு சீட்டோடு சீட்டாக நகர்கிறதே தவிர திரும்பவில்லை. ஒரு கோடு முழு அளவு திரும்ப, மற்றொன்று திரும்பவே இல்லை என்றால், சராசரியாகக் குறி பாதியளவு சுழன்றிருக்கிறது. அந்தச் சுழற்சியைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: மிச்சமிருப்பது 45 பாகையில் ஓர் இழுப்பும் அதற்குச் செங்குத்தாக ஓர் அமுக்கமும். விநாடிக்கு 200 என்ற சறுக்கல், 100 சுழற்சியாகவும் 100 உருமாற்றமாகவும் பிரிந்துவிட்டது. நீங்கள் தேடிய மீதிப் பாதி சுழற்சிக்குள் இருக்கிறது.

பதினோராம் வகுப்பிலேயே இதைப் படித்திருக்கிறோம்: எந்தச் சதுர அணியையும் ஒரு சமச்சீர் அணி, ஓர் எதிர் சமச்சீர் அணி ஆகியவற்றின் கூடுதலாக எழுதலாம். திசைவேகச் சரிவு அணியின் சமச்சீர்ப் பகுதிதான் திரிபு வீதம். எதிர் சமச்சீர்ப் பகுதி சுழற்சி. அன்று வெறும் தேர்வுக் கணக்காகக் கடந்துபோன அந்த வரிக்குள் இவ்வளவு இயற்பியல் இருக்கிறது என்று யாராவது சொல்லித் தந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

தகைவுக்குச் சுழற்சி ஏன் வேண்டாம்? தேன் நிறைந்த பானை குயவர் சக்கரத்தின் நடுவில் வெகுநேரமாகச் சீராகச் சுழல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். தேனும் பானையும் ஓருடலாகச் சுற்றுகின்றன. மையத்தை விட்டு விலக விலக வேகம் கூடுகிறது, ஆகவே திசைவேகச் சரிவு சுழியல்ல. ஆனாலும் தேனின் எந்த அடுக்கும் பக்கத்து அடுக்கை உரசவில்லை. பாகுத் தகைவு சுழி. 1845-இல் ஸ்டோக்ஸ் திரவத் துணுக்கின் இயக்கத்திலிருந்து சுழற்சியைப் பிரித்தெடுத்து, எஞ்சிய உருமாற்றத்தோடு மட்டும் தகைவைப் பிணைத்தது இதனால்தான்.

இனி, சிஎம்சி கரைசல். உண்மையான ஆபத்து இங்கேதான். கிளிசரினில் விடை சரிபாதியாக வந்ததால் உங்களுக்கு உடனே சந்தேகம் எழுந்தது. சிஎம்சி போன்ற, சறுக்கல் கூடக் கூட இளகும் திரவத்தில் பாகியல் எண்ணே சறுக்கு வீதத்தைப் பொறுத்தது. பாகுமானி தரும் வளைகோட்டின் கிடை அச்சில் இருப்பது முழு 200, பாதியான 100 அல்ல. டென்சரிலிருந்து அந்த 200-ஐ மீட்க, எல்லா உறுப்புகளின் வர்க்கங்களையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அடுக்குக்குறி 0.5 உள்ள திரவம், அதாவது தகைவு சறுக்கு வீதத்தின் 0.5 அடுக்காகக் கூடும் திரவம் என்று வைத்துக்கொள்வோம். வர்க்கமூலத்துக்குள் உள்ள அந்த இரண்டை மறந்தால் பாகியல் எண் 19 சதவீதம் கூடுதலாக வரும். ஒற்றை உறுப்பை அப்படியே போட்டால் 41 சதவீதம். 19 சதவீதப் பிழையை யாரும் வாய்பாட்டுப் பிழை என்று நினைப்பதில்லை. 'கரைசல் பழையதாகிவிட்டது', 'வெப்பநிலை ஏறிவிட்டது' என்று காரணம் தேடி வாரக்கணக்கில் அலைவார்கள்.

மென்பொருள்களும் நூல்களும் ஒரே மரபைப் பின்பற்றுவதில்லை. வேதிப்பொறியியல் நூல்கள் சிலவற்றில் பாதியே இருக்காது. தகைவின் குறியும் எதிராக இருக்கும், ஏனெனில் அவை தகைவை உந்தப் பாய்வாகப் பார்க்கின்றன. ஓப்பன்ஃபோம் என்ற ஓட்டக் கணிப்பு மென்பொருளில் 'சிம்' என்ற செயல்பாடு பாதியாக்கித் தரும், 'டூசிம்' பாதியாக்காது. அதே மென்பொருளின் அமுக்கமுறா ஓட்டக் கணக்கில் சுவர்த் தகைவு அடர்த்தியால் வகுக்கப்பட்டே வரும்: கிளிசரினின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 1,260 கிலோ என்பதால், 280 இருக்க வேண்டிய இடத்தில் 0.22 தென்படும். பயந்துவிடாதீர்கள். திரிபையும் தகைவையும் படமாகக் காட்டும் மோர் (Mohr) வட்டத்தில் திரிபு வரையும்போது செங்குத்து அச்சில் சறுக்குத் திரிபின் பாதியைக் குறிப்பதும் இதே பாதிதான். கட்டடப் பொறியியல் நண்பர்களுக்கு இது பழகிய விஷயம்.

சிஎம்சிக்குப் போகும் முன் உங்கள் நிரலுக்கு இரண்டு ஓட்டங்களைக் கொடுத்துப் பாருங்கள். முதலாவது அந்தத் தேன் பானை: உருளை முழுவதும் ஒரே கோண வேகத்தில் சுழலட்டும். பாகுத் தகைவின் ஒன்பது உறுப்புகளும் சுழியாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ சமச்சீர்ப் பகுதிக்குப் பதில் முழுச் சரிவையும் எடுத்துவிட்டீர்கள். இரண்டாவது, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரு தட்டுகள், மேல்தட்டு விநாடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. இதிலும் சறுக்கு வீதம் 200. டென்சரின் உறுப்பு 100, தகைவு கிளிசரினுக்கு 280 பாஸ்கல். மூன்று எண்களும் ஒருசேரச் சரியாக வந்தபின் கரைசலின் அடுக்குக்குறியை உள்ளிடுங்கள்.