ஆறு மணி மாத்திரை, ஆறரை மணி மாத்திரை

கேள்வி: எனக்கு 47 வயது, பள்ளி ஆசிரியை. இரண்டே வருடத்தில் 58 கிலோவிலிருந்து 67 ஆகிவிட்டேன், எல்லாம் வயிற்றில்தான் ஏறியிருக்கிறது. மாதவிலக்கும் தள்ளித் தள்ளி வருகிறது. காலை ஆறு மணிக்கு தைராய்டு மாத்திரை, ஆறரைக்கு காபியோடு கால்சியம், முடி கொட்டுவதால் பயோட்டின். தெரிந்தவர் சொன்னாரென்று புரோட்டீன் பவுடர், ஸ்லிம்மிங் டீ, குடம்புளி கேப்சூல் வேறு. மாதம் 4,500 ரூபாய் போகிறது, எடை மட்டும் குறையவில்லை. எதை விடலாம்? நல்ல பிராண்ட் எது?

பதில்: பிராண்ட் அப்புறம். முதலில் அந்த ஆறு மணியையும் ஆறரை மணியையும் பிரித்து வையுங்கள். தைராய்டு மாத்திரையைக் கால்சியம் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சரியாகச் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது வேண்டும், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கதைதான். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளுங்கள். காபியையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

பயோட்டின் செய்கிற வேலை இன்னும் விஷமமானது. பல லேப்களில் தைராய்டு டெஸ்ட் செய்யும் முறையையே அது குழப்பிவிடும். டி.எஸ்.ஹெச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும், அதைப் பார்க்கிற டாக்டர் மாத்திரை அதிகமாகிவிட்டது என்று நினைத்து அளவைக் குறைத்தாலும் குறைத்துவிடுவார். டெஸ்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அவரிடமும் சொல்லிவிடுங்கள். கால்சியத்தை மாற்றிப் போட ஆரம்பித்து ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆனால் ஒன்று, தைராய்டு சரியானாலும் அந்த 9 கிலோவும் போய்விடாது. அதன் பங்கு பெரும்பாலும் சில கிலோதான்.

டீ டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் 'சென்னா' என்று இருக்கிறதா பாருங்கள். அது வேறொன்றுமில்லை, நம் நிலாவாரை! திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயரில் வெளிநாடு போகிற அதே பேதி மருந்து. இரண்டு முறை போய்வந்தால் மெஷினில் அரைக் கிலோ குறையும்தான், குறைந்தது தண்ணீர். குடம்புளியை மீன் குழம்பில் போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதன் சாரத்தைச் சுண்டக் காய்ச்சிய மாதிரி அடைத்த கேப்சூலால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள்.

புரோட்டீன் பவுடர் கெட்டதில்லை, ஆனால் எடை குறைக்கும் மருந்தும் இல்லை. வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு டம்ளர் பாலில் கலக்கிக் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும். உங்கள் எடைக்கு நாளுக்குச் சுமார் 55 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டையில் 12, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14, ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் வந்துவிடும், மிச்சம் பருப்பிலும் தயிரிலும். பவுடர்தான் வேண்டுமென்றால் லேபிளில் முதலில் எழுதியிருப்பதைப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். அங்கே சர்க்கரையோ, மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்துப் பொடியோ இருந்தால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வயதானால் மெட்டபாலிசம், அதாவது உடல் கலோரியை எரிக்கும் வேகம், படுத்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். 6,400 பேருக்கு மேல் அளந்து 2021இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில், 20 வயதிலிருந்து 60 வரை அது கிட்டத்தட்ட மாறவே இல்லை. குறைவது தசையும் நடமாட்டமும்தான். மாதவிலக்கு நிற்கப்போகிற வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும்போது கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்குக் குடிபெயர்கிறது. அதனால் நடைப்பயிற்சியோடு வாரம் இரண்டு நாளாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டில் தூக்குவது என்று தசைக்கு வேலை கொடுங்கள்.

அப்புறம் எண்ணெய். எங்கள் வீட்டில் ஒருமுறை எழுதி வைத்துப் பார்த்தேன்: மூன்று பேருக்கு மாதம் நாலு லிட்டர்! ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. வெட்கமாகப் போய்விட்டது.

பி12, டி இரண்டும் டெஸ்டில் குறைவு என்று வந்தால் மட்டும் எடுங்கள். 60,000 யூனிட் வைட்டமின் டி வாரக் கணக்கில் எடுப்பது, அதை வருடக் கணக்கில் இழுக்காதீர்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இந்த டப்பாக்கள் எல்லாவற்றையும், டீ உட்பட, ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் வையுங்கள்.