கேளுங்கள், சொல்கிறேன்: சத்தமாகப் பேசினால் கோபமா?

கேள்வி: பி.காம் முடித்த என் மகளுக்கு ஒரு கால் சென்டர் வேலைக்குப் போனிலேயே இன்டர்வியூ. பேசியது ஆள் இல்லை, கம்ப்யூட்டர். ‘குரலில் கோபம் தெரிகிறது’ என்று ரிப்போர்ட் வந்தது, வேலை கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருமே சத்தமாகத்தான் பேசுவோம். மனதில் இருப்பது மெஷினுக்கு எப்படித் தெரியும்?
- ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: தெரியாதும்மா. குரலின் ஏற்ற இறக்கம், சத்தம், வேகம், நடுவில் விடும் இடைவெளி, இவற்றைத்தான் அது அளக்கிறது. பிறகு, ‘இது கோபம்’, ‘இது சோகம்’ என்று மனிதர்கள் முன்பே குறித்து வைத்த பதிவுகளோடு ஒப்பிடுகிறது. அந்தப் பதிவுகளில் பேசியவர்கள் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் நிறையப் பயன்படுத்திய ‘பெர்லின்’ என்ற குரல் பதிவுத் தொகுப்பில் இருப்பது 10 நடிகர்கள் ஜெர்மன் மொழியில் நடித்துக் காட்டிய கோபமும் பயமும்.

நான் பேச்சுத் தொழில்நுட்பத்தில் வேலை செய்கிறவன். என் அம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். விடியற்காலை ஏலத்தில், அத்தனை இரைச்சலுக்கு மேல் கத்தினால்தான் கூடை கைக்கு வரும். அதே குரலோடுதான் வீட்டுக்கும் வருவார். நான் தாமதமாக வந்தால், “இன்னாடா, இம்மா நேரம் எங்கடா போன?” என்பது தெருமுனை வரை கேட்கும். கேட்டுக்கொண்டே சோறு போட்டு, குழம்பு ஊற்றுவார். அந்த வரியை மெஷினிடம் கொடுத்தால் கோபம் என்றுதான் சொல்லும். பிள்ளையைக் காணோமே என்ற பயம் அது, எனக்குத் தெரியும்.

பேச்சை எழுத்தாக்குவது வேறு. 1952-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் செய்த ‘ஆட்ரி’ என்ற கருவி 0 முதல் 9 வரை எண்களை மட்டும், அதுவும் பழகிய குரலில்தான் நன்றாகப் புரிந்துகொண்டது. இன்று தமிழில் பேசினால் போனே எழுதிவிடுகிறது. தப்பாக எழுதினால் சொன்னவரே திருத்தலாம். உங்கள் மகளிடம், “உனக்குக் கோபமா?” என்று யாரம்மா கேட்டார்கள்? ஐரோப்பிய யூனியனில் வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் இப்படி முகத்தையோ குரலையோ வைத்து உணர்ச்சியைக் கணிக்க 2025 பிப்ரவரி முதல் தடை. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு.

அந்தப் பதிவை மனிதர் யாராவது கேட்டார்களா, நேரில் இன்டர்வியூ தருவீர்களா என்று அந்த நிறுவனத்துக்கு மகளையே ஒரு மெயில் எழுதச் சொல்லுங்கள். குரலை மாற்றிக்கொள்ள மட்டும் சொல்லாதீர்கள். அப்புறம், மைக் வாய்க்கு ரொம்பக் கிட்டே இருந்தாலும் சத்தம் கூடுதலாகப் பதிவாகும். அடுத்த முறை ஒரு சாண் தள்ளி வைக்கட்டும்.