ரூபாய் அங்க, பவுண்ட் இங்கன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க தம்பி

தம்பி, செப்டம்பர்ல இங்கிலாந்துக்கு, லீட்ஸ்ல மாஸ்டர்ஸ் சேர வர்றீங்க, எந்த பேங்க்ல ஸ்டூடண்ட் அக்கவுண்ட் ஓபன் பண்ணலாம், ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேல எடுக்குற கடன், கிடைக்குமான்னு கேட்டிருக்கீங்க. அதுக்கெல்லாம் பதில் சொல்ல ஆள் நிறைய இருக்கு, நானும் கீழ சுருக்கமா சொல்றேன். ஆனா போற போக்குல கடைசி வரில ஒண்ணு எழுதியிருக்கீங்க பாருங்க, வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அண்ணன் "உங்க அப்பா ஊர்ல என் தங்கச்சி அக்கவுண்ட்ல ரூபாய் போடட்டும், நான் இங்க உன் அக்கவுண்ட்ல பவுண்ட் போட்டுடறேன், பேங்க் ரேட்டை விட நல்லா தர்றேன்"னு சொன்னாரு, பரவாயில்லையான்னு. அதைப் படிச்சதும்தான் நான் எழுதவே உக்காந்தேன்.

வேண்டாம் தம்பி. ரேட் எவ்வளவு நல்லா இருந்தாலும் வேண்டாம், அந்த அண்ணன் உங்க பக்கத்துத் தெருவா இருந்தாலும் வேண்டாம்.

இது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா நீங்களே கிட்ட போக மாட்டீங்க. ஊர்ல அப்பா ரெண்டு லட்சம் போட்டா இங்க உங்களுக்கு பவுண்ட் வந்துடும், பெரும்பாலும் அதுல ஏமாத்த மாட்டாங்க. ஆனா அனுப்பினவர் பேரைப் பாருங்க, அது அந்த அண்ணன் பேரா இருக்காது. கேட்டா ஃப்ரெண்டோட அக்கவுண்ட்ம்பாங்க. அந்த ஃப்ரெண்டுக்குப் பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. இங்க வயசானவங்களுக்கு போன் பண்ணி, பேங்க்லேர்ந்து பேசுறோம், உங்க அக்கவுண்ட்ல திருட்டு நடக்குது, உடனே பணத்தைப் பத்திரமான அக்கவுண்டுக்கு மாத்துங்கன்னு சொல்லி வாழ்நாள் சேமிப்பைப் பிடுங்குற கும்பல்கள் இருக்கு. பிடுங்கின பணத்தை ஒரே இடத்துல வெச்சா மாட்டிக்குவாங்கன்னு நாலஞ்சு அக்கவுண்ட் வழியா ஓட விடுவாங்க, அந்த ஓட்டத்துல ஒரு அக்கவுண்ட் உங்களுது. பணம் போன அந்தப் பாட்டி மறுநாள் பேங்குக்கு போன் போட்டதும் தடம் பிடிச்சு வருவாங்க. உங்க பேரு, உங்க பாஸ்போர்ட், உங்க வீட்டு அட்ரஸ் எல்லாம் பக்காவா இருக்கும், அண்ணன் பேரு எங்கயும் இருக்காது.

அப்புறம் ஒருநாள் காலைல பஸ்ல கார்டைத் தட்டுவீங்க, எடுக்காது. ஆப்பைத் திறந்தா உள்ள போகாது. போன் பண்ணா அக்கவுண்ட் ரிவ்யூல இருக்குன்னு மட்டும் சொல்லுவாங்க, என்ன ரிவ்யூ, எத்தனை நாள் எதுவும் சொல்ல மாட்டாங்க. பணமோசடி சந்தேகம்னு புகார் போயிட்டா அதை வாடிக்கையாளர்கிட்ட வெளிய விடக்கூடாதுன்னு அவங்களுக்கு சட்டமே இருக்கு, நீங்க அழுதாலும் அந்தப் போன்ல இருக்கிற பொண்ணால ஒண்ணும் பண்ண முடியாது. வாடகையும் அதுலதான், சாப்பாட்டுக் காசும் அதுலதான்.

இதுக்கு இங்க மணி மியூல்னு பேரு. தெரிஞ்சே பண்ணினா 2002 புரொசீட்ஸ் ஆஃப் க்ரைம் சட்டப்படி அதிகபட்சம் 14 வருஷம் ஜெயில். அந்த அளவுக்குப் போகாமலே பல பசங்க வாழ்க்கை கெடுறது சிஃபாஸ்னு ஒரு மோசடித் தடுப்புப் பதிவுலதான். உங்க பேர் அதுல ஏறிட்டா 6 வருஷம் இருக்கும். வேற பேங்க்ல அக்கவுண்ட் கிடைக்கிறது கஷ்டம், மாசாமாசம் கட்டுற போன் கனெக்‌ஷன் கூட மறுப்பாங்க, படிச்சு முடிச்சு கிராஜுவேட் விசால வேலை கிடைச்சு சம்பளம் போட அக்கவுண்ட் நம்பர் குடுன்னு கேக்குறப்பதான் வலிக்கும். ஊர்ப் பக்கமும் சும்மா இல்ல, ஃபெமாங்கிற இந்திய அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுக்குப் பணம் அனுமதி வாங்கின பேங்க், டீலர் வழியாத்தான் போகணும். அப்பாவையும் சேத்து இதுல இழுத்து விடாதீங்க.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னா, நான் ஒரு ஆபீஸ்ல பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, பாக்குறேன். பார்ட் டைம் வேலைக்குச் சேர்ற நம்ம பசங்க ஒருசிலர் ஃபாரத்துல வேற யாரோட சார்ட் கோடும் (நம்ம ஊர் ஐஎஃப்எஸ்சி மாதிரி) அக்கவுண்ட் நம்பரும் எழுதிட்டு வருவாங்க. நாங்க வாங்க மாட்டோம், சொந்தப் பேர்ல இருந்தாத்தான் சம்பளம். கூப்பிட்டு விசாரிச்சா, அக்கா எனக்கு இன்னும் ஓபன் ஆகல, ரூம்ல இருக்கிற அண்ணன் வாங்கித் தர்றேன்னாருன்னு சொல்லும் அந்தப் புள்ள. இல்லன்னா தலைகீழா, டெர்ம் டைம்ல வாரம் 20 மணி நேரத்துக்கு மேல வேலை பாக்குற ஒருத்தர் அந்தக் கூடுதல் சம்பளத்தை இந்தப் புள்ள அக்கவுண்ட்ல போடச் சொல்லியிருப்பாரு. ரெண்டு பேர் விசாவுக்கும் ஆபத்து அது.

நான் 2010ல வந்தப்ப லண்டன் ஈஸ்ட் ஹாம்ல ஒரு வீட்டு மாடில தங்கியிருந்தேன். கூட இருந்த பொண்ணு திருவாரூர்ப் பக்கம், கடைல வேலை பாத்துச்சு. பேங்க்ல அட்ரஸ் ப்ரூஃப் கேட்டாங்க, வீட்டுக்காரர் எழுதித் தர மாட்டேன்னுட்டாரு, எங்களை எல்லாம் கணக்குல காட்டாமத்தான் அவர் வெச்சிருந்தாரு. அதனால அதோட சம்பளம் ரொம்ப நாள் இங்கயே இருந்த ஒரு பெரியவர் அக்கவுண்ட்ல விழுந்துச்சு. முதல்ல ஒழுங்காக் குடுத்தாரு, அப்புறம் அடுத்த வாரம், அதுக்கப்புறம் போன் எடுக்கல, ஒருநாள் பர்மிங்காமுக்கு வீடு மாறிப் போயிட்டாருன்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணு மாடிப்படில உக்காந்து பே ஸ்லிப்பையெல்லாம் மடில அடுக்கி வெச்சுக் கூட்டிக்கிட்டே இருக்கும். பேப்பர்படி எல்லாம் அதுக்குக் கிடைச்ச காசு. எங்க போய்க் கேக்குறது? கோயில்ல அந்த ஆளைப் பாத்தவங்க, நம்ம ஆளுதானம்மா, விட்டுப் பிடின்னு அதுக்கே புத்தி சொன்னாங்க. அந்த வார்த்தைய நான் இன்னைக்கு வரைக்கும் மன்னிக்கல. ராத்திரி ஒரு மணிக்கு வந்தாலும் கதவைத் திறந்து சோறு போட்ட நம்ம ஆளுங்களையும் இதே ஊர்லதான் பாத்தேன், அவங்க ஒருத்தர் கூட அக்கவுண்ட் நம்பர் கேக்கல.

அந்த வீட்டு வாசல்ல லெட்டர் எல்லாம் மேட்ல விழும், எங்க எல்லாருக்கும் சேத்து ஒரே குவியல். கார்டு ஒரு கவர்ல, பின் நம்பர் வேற கவர்ல, வேற நாள்ல வரும், பின் கவர்ல கறுப்புக் கட்டத்துக்கு மேல ஒட்டின பட்டையக் கிழிச்சாத்தான் நம்பர் தெரியும். நான் தபால் வர்ற நேரம் பாத்துக் கீழ போய் நிப்பேன். நீங்களும் ஷேரிங் வீடா இருந்தா அப்படி நில்லுங்க, இல்ல யுனிவர்சிட்டி ஹாஸ்டல் அட்ரஸே குடுங்க. வேற யார் அட்ரஸையும் கார்டுக்குக் குடுக்காதீங்க.

சரி, நீங்க கேட்ட மத்ததுக்கு வர்றேன். விளம்பரத்துல போடுற அந்த வட்டியில்லா ஓவர்டிராஃப்ட் உள்ள ஸ்டூடண்ட் அக்கவுண்ட் பெரும்பாலும் இங்க 3 வருஷமாவது இருந்தவங்களுக்குத்தான், அதை மறந்துடுங்க. சாதாரண ஓவர்டிராஃப்டுக்கு வட்டி வருஷத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டி இருக்கு, குடுத்தாலும் தொடாதீங்க. மாசக் கட்டணம் இல்லாத கரண்ட் அக்கவுண்ட் (இங்க சாதாரண அக்கவுண்டுக்கே அதான் பேரு) போதும், எந்தப் பெரிய பேங்க்னாலும் சரி, அதுக்காக நாலு வீடியோ பாத்து மண்டைய உடைச்சுக்க வேண்டாம். எல்லாரும் மறுத்தா பேசிக் அக்கவுண்ட்னு கேளுங்க, குறிப்பிட்ட சில பெரிய பேங்குங்க அதைத் தரணும்னு சட்டம் இருக்கு. மான்சோ, ஸ்டார்லிங் மாதிரி ஆப் பேங்கும் பேங்க்தான், பேங்க் திவாலானா பணத்தைத் திருப்பித் தர்ற எஃப்எஸ்சிஎஸ் பாதுகாப்பு டெபாசிட்டுக்கு உண்டு, 2025 டிசம்பர்லேர்ந்து அது ஒரு பேங்க்ல ஒரு ஆளுக்கு 1,20,000 பவுண்ட். வைஸ் மாதிரி பணம் அனுப்புற கம்பெனி வேற வகை, அங்க அந்த எஃப்எஸ்சிஎஸ் பாதுகாப்பு கிடையாது, அனுப்ப வாங்க வெச்சுக்கோங்க, சேமிப்பை அங்க போட்டு வைக்காதீங்க.

என்ரோல் ஆனதும் முதல் வேலையா யுனிவர்சிட்டில பேங்க் லெட்டருக்கு, அதாவது நீங்க அங்க படிக்கிறீங்கன்னு பேங்குக்கு உறுதி சொல்ற கடிதத்துக்கு, அப்ளை பண்ணுங்க. பல இடத்துல எந்த பேங்க்னு பேர் போட்டே லெட்டர் தருவாங்க, அதனால முன்னாடியே ஒண்ணை முடிவு பண்ணிட்டுக் கேளுங்க, செப்டம்பர் கடைசில எல்லாரும் கேக்குறப்ப லேட் ஆகும். விசா இப்ப கார்டா வராது, ஈவிசாதான், உங்க விசா விவரத்தை பேங்க் பாக்க ஆன்லைன்ல ஷேர் கோட்னு ஒரு குறியீடு எடுத்துக் குடுக்கணும், அது 90 நாள் செல்லும். இதுல நம்மாளுங்களுக்குன்னே ஒரு தலைவலி இருக்கு, பேரு. நமக்கு சர்நேம் கிடையாது, சர்டிஃபிகேட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் ஒரு கட்டத்துல, சிலருக்கு அந்தக் கட்டமே காலி. பாஸ்போர்ட், ஈவிசா, பேங்க் லெட்டர் மூணுலயும் பேர் ஒரே மாதிரி, ஒரே வரிசைல இருக்கான்னு எழுத்து எழுத்தாப் பாத்துட்டு அப்ளை பண்ணுங்க. மாறியிருந்தா முதல்ல யுனிவர்சிட்டில திருத்தி வாங்குங்க. டாக்ஸ் நம்பர்னு ஒரு கேள்வி வரும், இந்தியாவுக்கு பான் நம்பர் போடணும்.

அக்கவுண்ட் ஆகுற வரைக்கும், ஊர்லயே பவுண்ட் ஏத்திக் கொண்டு வர்ற ஃபாரெக்ஸ் கார்டு வெச்சு ஓட்டுங்க. அப்பா ஊர் பேங்க் வழியாவே அனுப்பட்டும், ஃபீஸைப் பாக்காதீங்க, கடைசில கைக்கு எத்தனை பவுண்ட் வருதுன்னு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க. ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுடாதீங்க, உங்க ஊர் அக்கவுண்டோட ஓடிபி எல்லாம் அதுக்குத்தான் வரும், ரோமிங்ல மெசேஜ் வருதான்னு விமானம் ஏர்றதுக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணுங்க.

அந்த அண்ணன்கிட்ட ரொம்ப விளக்கமெல்லாம் சொல்ல வேண்டாம், அப்பா பேங்க்ல அனுப்பிட்டாருன்னு சொல்லி முடிச்சுக்கோங்க. உங்க அக்கவுண்ட் நம்பரை ஏற்கனவே குடுத்து வெச்சு, யார்னு தெரியாத பேர்ல பணம் வந்து விழுந்துச்சுன்னா அதைத் தொடாதீங்க, அவங்க தப்பா வந்துடுச்சு இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புன்னு சொன்னாலும் நீங்களா அனுப்பாதீங்க. கார்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்கோ, உங்க பேங்குக்கு இணைச்சு விடுற 159க்கோ அன்னைக்கே போன் போட்டு பேங்க்ல சொல்லுங்க. படிப்பு முடிச்சு ஊருக்குக் கிளம்புறப்பவும் உங்க அக்கவுண்ட விலைக்குக் கேட்டு யாராவது வருவாங்க, அப்பவும் நீங்களே போய் க்ளோஸ் பண்ணிட்டுப் போங்க.