தையல் தொழிலில் இருப்பவர்களே, உங்களை மிகவும் கவர்ந்த ஆடை வடிவமைப்பாளர் யார்? ஏன்?

எல்சா ஸ்கியாபரெல்லி. எனக்கு வேறு பெயரே தோன்றவில்லை.

ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரில் பதினெட்டு ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஊரில் பணம் புழங்காது, கடையிலும் வேலை குறைந்துவிடும். அப்படியொரு தடைக்காலத்தில்தான் மகளின் கைப்பேசியில் ஸ்கியாபரெல்லி 1937-இல் வடிவமைத்த வெள்ளை ஆர்கன்சா (மெல்லிய, விறைப்பான துணி) கவுனைப் பார்த்தேன். பாவாடையின் முன்பக்கத்தில் ஒரு பெரிய சிவப்புச் சிங்கி இறால்! வரைந்து கொடுத்தவர் ஓவியர் சால்வடோர் டாலி. சிங்கி எங்களுக்கு ஏற்றுமதிச் சரக்கு. அதை உடுப்பில் வைக்கலாம் என்று இங்கே யாருக்கும் தோன்றியதில்லை. (படத்தில் இருந்தது மேல்நாட்டு இனம், பெரிய கொடுக்குகள் உண்டு. மன்னார் வளைகுடாச் சிங்கிக்கு அந்தக் கொடுக்கு கிடையாது. முள்ளும் நீண்ட மீசையும்தான்.)

ஸ்கியாபரெல்லி 1890-இல் ரோமில் பிறந்தவர். முறையாகத் தையல் படித்தவர் அல்லர். கழுத்தில் வெள்ளை ரிப்பன் கட்டியதுபோல் தோன்றும் பின்னலோடு 1927-இல் அவர் கொண்டுவந்த கறுப்புக் கம்பளிச் சட்டைதான் பாரிசில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஜிப்பை மறைத்துத் தைப்பதே நல்ல தையல் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவரோ 1935-லேயே அதை அலங்காரமாக வெளியே தெரியவைத்தார். காலணி வடிவில் தொப்பி செய்தார். கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு ஒன்றைத் தன் அடையாளமாக்கிக்கொண்டார்.

எனக்கு உயிர், 1938-இல் வந்த எலும்புக்கூடு கவுன். கறுப்புத் துணியில் விலா எலும்புகள் மேடாகப் புடைத்து நிற்கும். இரண்டு துணிகளைச் சேர்த்து, எலும்பின் ஓரக்கோட்டில் தையல் ஓட்டி, பின்பக்கம் வழியே பஞ்சு திணித்திருக்கிறார்கள். தையல் ஒரு நூல் விலகினாலும் எலும்பு கோணிவிடும். விளையாட்டுபோலத் தெரிகிற அந்த உடுப்பில் கை எவ்வளவு கட்டுப்பாடாக வேலை செய்திருக்கிறது!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காலம் மாறியது. 1954-இல் கடையை மூடினார், 1973-இல் மறைந்தார்.

சென்ற ஆண்டு ஒரு கல்யாணப்பெண் வந்து, "அக்கா, எல்லாரும் ரவிக்கை முதுகில் மயில்தான் போடுகிறார்கள். எனக்கு எங்கள் அப்பா பிடிக்கிற சிங்கியைப் போட்டுக் கொடுங்கள்" என்றாள். எனக்குக் கை பரபரத்தது. அதே பஞ்சு முறையில் சிங்கியின் மேலோட்டை மேடாக்கினேன். முதல் முறை பஞ்சு அதிகமாகித் துணி சுருங்கிவிட்டது. பிரித்து, சிட்டிகை சிட்டிகையாகத் திணித்தேன். மீசையை மட்டும் ஆரி எனும் கொக்கி ஊசியில் தங்கச்சரிகையால் தோள்வரை ஓட்டினேன்.

ரவிக்கையை வாங்க அவள் அப்பாவும் வந்திருந்தார். சிங்கியின் கால்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்தும் சரியாக இருந்தன. "மீசை மட்டும் இன்னும் நீளம் வேண்டும், தங்கச்சி" என்றார். அன்று இரவே கைவிளிம்புவரை நீட்டிக் கொடுத்தேன்.